நூற்று நாற்பத்து மூன்று பிழைகள்

காலை ஒன்பது மணிக்கு, தேர்வுத் துறையிலிருந்து வந்த மேற்பார்வையாளர் எங்கள் கைப்பேசிகளை வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினார். மூடியின் மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். பிறகு அச்சகத்தின் கதவை உள்பக்கமாகப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தேர்வுத்தாள் அடிக்கும் நாளில் எப்போதும் இப்படித்தான். தாள் அச்சாகி, உறையில் முத்திரை விழுந்து, மூன்று மணிக்கு வண்டி வந்து எடுத்துப் போகும்வரை யாரும் வெளியே போக முடியாது. வெளியிலிருந்து ஒரு சொல்கூட உள்ளே வர முடியாது.

எங்களுடையது பிரெயில் அச்சகம். மூன்றே பேர். அண்ணன் கணினியையும் அச்சு இயந்திரத்தையும் பார்த்துக்கொள்வான். அண்ணி பிழை திருத்துவார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர், எங்கள் மூவரில் வேகமாகப் படிப்பவரும் அவர்தான். நான் தாள்களை அடுக்கித் தைப்பவள். மாலை வகுப்பில் எட்டு மாதம் சி என்ற கணினி மொழி படித்துச் சான்றிதழ் வாங்கி வந்தபோது அண்ணன் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஊசி நூல் கோக்கிறதுக்கு இவ்வளவு படிப்பா பாப்பா?" என்று கேட்டான். எனக்கு இருபத்து மூன்று வயது. அவனுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

அன்றைய வேலை கணக்குத் தாள். மறுநாள் இறுதித் தேர்வு எழுதப்போகும் பார்வையற்ற மாணவர்கள் பதினோரு பேருக்கு. மற்றப் பாடங்களைப் பிரெயிலில் கொடுத்தார்கள். கணக்கை மட்டும் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்காட்டுவதுதான் வழக்கம். அதை மாற்றச் சொல்லி அண்ணி ஆறு வருடமாக மனு எழுதியிருந்தார். இந்த வருடம்தான் முதல் முறையாகச் சரி என்றார்கள்.

ஒன்பது இருபதுக்கு அண்ணன் கணினியின் பொத்தானை அழுத்தினான். உள்ளே ஏதோ ஒன்று பட்டென்று வெடித்தது. பிறகு கருகிய வாசனை.

"என்னங்க அது?" என்றார் அண்ணி.

"ஒண்ணுமில்ல" என்றான் அண்ணன். மூக்கு உள்ள யாரும் நம்பக்கூடிய பதில் அல்ல அது.

இருபது வருடம் உழைத்த கணினி ஒரு நொடியில் உயிரை விட்டிருந்தது. நல்லவேளையாகப் புதிய கணினி ஒன்று நான்கு மாதமாக மூலையில் துணி போர்த்தி இருந்தது. அண்ணனுக்கு அதன் மேல் நம்பிக்கை வரவில்லை, அவ்வளவுதான். இப்போது வேறு வழியில்லாமல் துணியை எடுத்தான். எழுத்தைப் பிரெயில் புள்ளிகளாக மாற்றி இயந்திரத்துக்கு அனுப்பும் புரோகிராமை அவனே இருபது வருடத்துக்கு முன்னால் சி மொழியில் எழுதியிருந்தான். அதற்காகத்தான் தெருவில் அவனுக்கு விஞ்ஞானி என்று பெயர். அதன் பிரதி ஒரு குறுந்தட்டில் பத்திரமாக இருந்தது. ஆனால் பழைய கணினிக்காகத் தயாரானது புதியதில் ஓடாது. எழுதியதை மறுபடி கம்பைலரிடம் கொடுத்து, இந்த இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றி வாங்க வேண்டும்.

"அஞ்சு நிமிஷ வேலை" என்றான் அண்ணன்.

கம்பைலர் அவன் எழுதிய பன்னிரண்டு கோப்புகளையும் படித்தது. திரை சிவந்தது. வரிகள் மேலே ஓடி ஓடி நின்றபோது கடைசியில் ஓர் எண் இருந்தது. நூற்று நாற்பத்து மூன்று பிழைகள்.

மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். "சார், இதெல்லாம் என்ன?"

"சும்மா கத்தும் சார். இது கத்தாம இருக்கிறதுக்கு ஒரு கட்டளை இருக்கு, நான் எப்பவும் அதைப் போட்டுத்தான் ஓட்டுவேன்."

"இப்ப போடலையா?"

"போட்டுத்தான் இருக்கேன்" என்றான் அண்ணன், கொஞ்சம் குரல் இறங்கி.

மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. விதிகளை விதிகளாகவே பார்க்கிறவர். "பதினோரு பிரதி அடிக்க ரெண்டு மணி நேரம் ஆகும்னு சொன்னீங்க. ஒரு மணிக்கு மெஷின் ஓடலைன்னா என்னைத் தவிர யாரும் தொடக் கூடாத இந்த ஆபீஸ் போன்ல நான் கூப்பிட்டு, படிச்சுக் காட்ட ஆளுங்களை ஏற்பாடு பண்ணுங்கன்னு சொல்லியாகணும். தப்பா நினைக்காதீங்க."

அண்ணி மேசை விளிம்பை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்: "எனக்கு அப்படித்தான் சார் படிச்சுக் காட்டினாங்க. நாலாவது கணக்குல கழித்தல் குறியை முழுங்கிட்டாங்க. விடை வரவே இல்ல. திரும்பப் படிங்கன்னு மூணாவது தடவை கேட்டேன். 'எத்தனை தடவைம்மா'ன்னாங்க. அதுக்கப்புறம் நான் கேட்கல." விரலை எடுத்துக்கொண்டு, "மூணு மார்க்ல பாஸ் போச்சு" என்றார்.

மேற்பார்வையாளர் தொலைபேசியைப் பார்க்காமல் இருக்க முயன்றார்.

நான் நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டேன்.

"நீ என்ன பண்ணப் போற?" என்றான் அண்ணன்.

"படிக்கப் போறேன்."

"கதைப் புத்தகம் மாதிரி இருக்கும்னு நினைச்சியா?"

உண்மையில் அப்படித்தான் இருந்தது. முதல் பிழையை மட்டும் பொறுமையாகப் படித்தேன். இந்த வரியில் ஒரு ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலையைச் செய்து தரும் சிறு துண்டுப் புரோகிராமை, பெயர் சொல்லி அழைத்திருக்கிறாய், அது யாரென்று எனக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை என்றது. இரண்டாவதும் அதையே சொன்னது, வேறு பெயரில். மூன்றாவதும் அதுதான். எனக்குப் பனி பெய்யும் ஏதோ ஒரு நாட்டின் எல்லைச் சாவடி கண்ணில் தெரிந்தது. கம்பளிக் கோட்டுப் போட்ட காவலர் ஒருவர் கையில் பட்டியலை வைத்துக்கொண்டு நிற்கிறார். ரயிலிலிருந்து ஆட்கள் இறங்குகிறார்கள். அவர் கேட்பது ஒன்றே ஒன்று: உன் பெயர் பட்டியலில் எங்கே? பழைய காவலர் முணுமுணுத்துக்கொண்டே எல்லோரையும் உள்ளே விட்டிருந்தார். புதியவர் விடமாட்டேன் என்கிறார்.

"அண்ணா, நூத்தி நாப்பத்தி மூணு தப்பு இல்ல இது. ஒரே தப்பைத் திருப்பித் திருப்பிச் சொல்லுது."

கழிவுத் தாளின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதினேன். எழுதி முடித்தபோது மொத்தம் முப்பத்தொரு பெயர்கள்தான். அதில் பன்னிரண்டு, சி மொழியோடு கூடவே வருபவை: எழுத்துகளை எண்ணுவது, நினைவகத்தில் இடம் கேட்பது போன்றவை. அவற்றின் பட்டியல்கள் ஏற்கெனவே கணினியில் தயாராக இருக்கும். கோப்பின் தலையில் மூன்று வரி சேர்த்து, அந்தப் பட்டியல்களைப் பார்த்துக்கொள் என்று சொன்னால் போதும். அண்ணன் இருபது வருடமாக அந்த மூன்று வரியை எழுதவில்லை.

பன்னிரண்டு கோப்புகளிலும் சேர்த்தேன். கம்பைலரை ஓட்டினேன்.

ஐம்பத்தெட்டு.

"குறைஞ்சுதா?" என்றார் அண்ணி. என் மூச்சைக் கேட்டே கண்டுபிடித்திருப்பார்.

"பாதிக்கு மேல போச்சு அண்ணி!"

"விஞ்ஞானி என்ன சொல்றார்?"

"விஞ்ஞானி ஒண்ணும் சொல்லல" என்றான் அண்ணன். ஆனால் அவனும் நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தான்.

மீதிப் பத்தொன்பது பெயர்கள் அவனே பெற்று வளர்த்தவை. ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டு இன்னொரு கோப்பிலிருந்து அழைத்திருந்தான். ஒவ்வொன்றும் எதை வாங்கிக்கொண்டு எதைத் திருப்பித் தரும் என்று முன்னால் ஒரு வரி எழுத வேண்டும். பெயர்களும் அவனைப் போலவே இருந்தன. 'கொஞ்சம் இரு' என்று ஒன்று. 'தள்ளு' என்று ஒன்று. 'அம்மிணி வந்தாச்சு' என்று ஒன்று.

"அம்மிணியா?" என்றார் அண்ணி. வீட்டில் அண்ணன் அவரை அப்படித்தான் கூப்பிடுவான். "அது என்ன வேலைங்க பண்ணும்?"

"வரி ரொம்ப நீளமாப் போச்சுன்னா நிறுத்தும்" என்றான் அண்ணன்.

மேற்பார்வையாளர் இருமினார். சிரிப்பை அப்படி இருமலாக மாற்றுகிறவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மணி பதினொன்றே முக்கால். ஒவ்வொரு ஃபங்ஷனையும் தேடிப் போய்ப் பார்க்க நேரம் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை. "எல்லாம் முழு எண் திருப்பித் தருதுன்னு எழுதிடு பாப்பா. எதையும் சொல்லலைன்னா பழைய கம்பைலர் அப்படித்தான் நினைச்சுக்கும். இருபது வருஷமா ஓடலையா?"

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பது போலத் தெரிந்தது. அழைக்கும் இடமெல்லாம், முழு எண், முழு எண் என்று ஒட்டிக்கொண்டே போனேன். பன்னிரண்டு ஐந்துக்குக் கம்பைலர் வாயைத் திறக்காமல் வேலையை முடித்தது. பிழைகள் இல்லை.

அண்ணன் கைதட்டினான். ஒரு பக்கச் சோதனைத் தாளை அனுப்பினோம். நாங்கள் மரங்கொத்தி என்று கூப்பிடும் அச்சு இயந்திரம் டக்கடக்கடக் என்று கொத்தித் தாளை வெளியே தள்ளியது. அண்ணி விரலை ஓட்டினார். "சுத்தமா இருக்கு."

அப்போதுதான் மேற்பார்வையாளர், தான் கொண்டுவந்திருந்த முத்திரையிட்ட உறையைக் கிழித்தார். கிழித்த முத்திரையை மறுபடி ஒட்ட முடியாது. உள்ளே இருந்த குறுந்தட்டிலிருந்து பதினெட்டுப் பக்கத் தேர்வுத்தாளைக் கணினிக்குள் போட்டோம். அண்ணன் பொத்தானை அழுத்தினான்.

மரங்கொத்தி ஒருமுறைகூடக் கொத்தவில்லை. திரையில் ஒரே ஒரு வரி: தனக்குச் சொந்தமில்லாத இடத்தைத் தொட்டதால் புரோகிராம் நிறுத்தப்பட்டது. மறுபடி அழுத்தினோம். மறுபடி அதே வரி. சோதனைத் தாளைப் போட்டால் ஓடியது. பெரிய தாளைப் போட்டால் விழுந்தது.

மணி பன்னிரண்டு பதினைந்து. மேற்பார்வையாளர் எழுந்து தொலைபேசி இருந்த மேசைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"இந்தக் கம்ப்யூட்டர் சரியில்ல. அன்னைக்கே சொன்னேன்" என்றான் அண்ணன்.

எனக்குக் கண் கலங்கியது. ஆனால் அழுதால் அண்ணி கேட்டுவிடுவார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனின் கட்டளை வரி அங்கே இருந்தது. அதன் நடுவில் ஒரு சின்ன எழுத்து. கம்பைலரின் வாயை அடைக்கும் எழுத்து. பிழைகளை அதனால் தடுக்க முடியவில்லை. ஆனால் பிழை இல்லாத, வெறும் எச்சரிக்கை என்று கம்பைலர் சொல்ல நினைப்பதையெல்லாம் அது இப்போதும் விழுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"அண்ணா, இதை எடுக்கப் போறேன்."

"எடுக்காத. அப்புறம் கண்டதையும் கத்தும். தலை சுத்தும்."

"கத்தட்டும் விடுங்களேன்" என்றார் அண்ணி. "நான் ஒண்ணு சொல்ல வந்தாலும் இதே பாட்டுதான். என்னன்னு கேட்டா என்ன குறைஞ்சா போயிடும்?"

அந்த எழுத்தை அழித்தேன். ஓட்டினேன்.

மஞ்சள் நிறத்தில் நான்கு எச்சரிக்கைகள். நான்கே நான்கு. நாலும் ஒரே ஃபங்ஷனைப் பற்றி: 'வரி தேடு'. முழு எண்ணை எடுத்து முகவரியாகப் பயன்படுத்துகிறாய், ஆனால் முகவரிக்கு அந்த எண்ணின் அளவு போதாது என்றது கம்பைலர்.

சத்தமாகப் படித்தேன். படித்து முடிப்பதற்குள் புரிந்துவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

"அண்ணா! 'வரி தேடு' என்ன திருப்பித் தரும்?"

"அந்த வரி நினைவகத்துல எங்க இருக்குன்னு சொல்லும். இடத்தோட முகவரி."

"நாம முழு எண்ணுன்னு எழுதிட்டோம். பழைய கம்ப்யூட்டர்ல ரெண்டும் ஒரே அளவு, அதனால ஒண்ணும் ஆகல. இதுல முகவரி ரெண்டு மடங்கு நீளம். முழு எண்ணுன்னு சொன்னதும் பாதியை வெட்டிட்டு மீதியைத்தான் எடுத்துக்குது. கதவு எண் இருக்கு, தெருப் பேரு இல்ல. ஏதோ ஒரு தெருவுல போய் யார் வீட்டுக் கதவையோ தட்டுது!"

"அப்ப சின்னத் தாள் எப்படி ஓடுச்சு?"

"சின்னதைப் பக்கத்துலயே வைக்குது, முகவரியும் சின்னது. வெட்டினாலும் ஒண்ணும் போகல. பெரிசுக்குத் தூரத்துல இடம் ஒதுக்குது."

அண்ணன் முகத்தில் நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. ரொம்ப நாள் தேடிய சாவி தன் பையிலேயே இருந்ததைக் கண்டவன் முகம் அது.

"நாலு இடத்துல மாத்திட்டா போதுமா?" என்றான்.

"வேண்டாம். இனிமே பொய்யே எழுத வேண்டாம். பத்தொன்பதும் உண்மையில என்னவோ அதையே ஒரு தனிக் கோப்புல எழுதுவோம். எல்லாக் கோப்பும் அதையே பார்க்கட்டும், ஃபங்ஷனை எழுதியிருக்கிற கோப்பும் சேர்த்து. அப்பதான் நாம சொன்னதும் எழுதினதும் ஒண்ணான்னு கம்பைலரால ஒத்துப் பார்க்க முடியும்."

மணி பன்னிரண்டரை.

அண்ணன் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து படித்தான், நான் தட்டினேன். "தள்ளு. ரெண்டு முழு எண் வாங்கும். ஒண்ணும் திருப்பித் தராது." தட்டினேன். "கொஞ்சம் இரு. ஒண்ணு வாங்கும்." தட்டினேன். சிறு வயதில் தட்டச்சுப் பயிற்சிக்கு என்னைக் கூட்டிப் போனவன் அவன்தான், என் வேகம் அவனுக்குப் பழக்கம். நான் வரியை முடிக்கும் நொடியில் அவன் அடுத்ததைத் தொடங்கினான். அண்ணி பெயர்களை எண்ணிக்கொண்டே வந்தார். "பதினாலு. பதினஞ்சு. அம்மிணி வந்தாச்சு, பதினாறு."

பத்தொன்பது. பட்டியலைப் பார்த்துக்கொள் என்று பன்னிரண்டு கோப்புகளின் தலையிலும் ஒரு வரி. ஓட்டினேன்.

ஒரு பிழை. புதுப் பிழை.

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். நான் படித்தேன். "'பக்க எண் போடு'க்கு மூணு விவரம் கொடுக்கணும், ரெண்டுதான் கொடுத்திருக்கேங்குது."

"மூணாவது என்னது?" என்றார் அண்ணி.

அண்ணன் கோப்பைப் பார்த்தான். "ஓரத்துலேர்ந்து எவ்வளவு தள்ளிப் போடணும்னு…"

அண்ணி நாற்காலியில் நிமிர்ந்தார். பக்க எண் சில சமயம் இடம் மாறி விழுகிறது என்று அவர் எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். காகிதம் சரியில்லை, ஈரக் காற்று, மரங்கொத்திக்கு வயதாகிவிட்டது என்று அண்ணன் ஒவ்வொரு மழைக்கும் ஒரு காரணம் வைத்திருந்தான். மூன்றாவது விவரத்தை அவன் கொடுக்கவே இல்லை. அந்த இடத்தில் எது கிடந்ததோ அதை எடுத்துக்கொண்டு புரோகிராம் குருட்டாம்போக்கில் ஓடியிருக்கிறது.

"என்னங்க" என்றார் அண்ணி, மிக இனிமையாக. "ஈரக் காற்றா?"

"பாப்பா, அங்க நாலுன்னு போடு" என்றான் அண்ணன். "சீக்கிரம் போடு."

போட்டேன். ஓட்டினேன்.

திரை ஒன்றும் சொல்லவில்லை. சிவப்பு இல்லை, மஞ்சள் இல்லை. வாயை அடைத்ததால் வந்த மௌனம் அல்ல இது. சொல்ல ஒன்றுமே இல்லாத மௌனம். எல்லைக் காவலர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, போகலாம் என்று தொப்பியைத் தொட்டது எனக்குக் கண்ணால் பார்த்தது போலவே இருந்தது.

பன்னிரண்டு நாற்பத்தேழு. பதினெட்டுப் பக்கத் தாளைக் கொடுத்தேன். பொத்தானை அழுத்தச் சொல்லி அண்ணனைப் பார்த்தேன். அவன் என் கையைப் பிடித்துப் பொத்தான் மேல் வைத்தான்.

டக்.

டக்கடக்கடக்கடக்.

மரங்கொத்தி அப்படிக் கொத்தி நான் கேட்டதே இல்லை. முதல் பக்கம் மடிந்து விழுந்தது, இரண்டாவது, மூன்றாவது. ஏழாவது பக்கம் வந்தபோது அண்ணன் "போகுது, போகுது" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான். பதினெட்டாவது விழுந்ததும் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். என் செருப்பு ஒன்று காகிதக் கட்டுக்குப் பின்னால் போய் விழுந்தது. அடுத்த பிரதி தானாகவே தொடங்கியிருந்தது.

அண்ணி முதல் பிரதியை மேசைமேல் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் படிக்கத் தொடங்கினார். மேற்பார்வையாளர் தொலைபேசியின் ரிசீவரைக் கையில் எடுத்தபடி காத்திருந்தார். மணி ஒன்று.

"அம்மா, நான் என்ன சொல்லட்டும்?"

அண்ணியின் விரல்கள் ஒரு வரியில் நின்றன. முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போயின. நான் ஒற்றைச் செருப்போடு மேசைக்கு ஓடினேன்.

"தப்பா அண்ணி?"

"இல்ல. கழித்தல் குறி." இரண்டு புள்ளிகளையும் ஆட்காட்டி விரலால் அழுத்தினார். "இங்கதான் இருக்கு. எத்தனை தடவை கேட்டாலும் இங்கதான் இருக்கும்."

மேற்பார்வையாளர் எண்களைச் சுழற்றினார். "ஆமா, நான்தான் பேசறேன். கணக்குத் தாளுக்குப் படிச்சுக் காட்டுற ஆளுங்க வேண்டாம். ஒருத்தரும் வேண்டாம். பிள்ளைங்களே படிச்சுக்குவாங்க." வைத்துவிட்டு, எதற்கோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பதிவேட்டுல இன்னைக்குப் புரோகிராம் பார்த்தவங்க பேர் எழுதணும். யாரை எழுத?" என்றார்.

"அவளைத்தான் எழுதணும் சார்" என்றான் அண்ணன். "நான் தைக்கப் போறேன். ஊசி எங்க பாப்பா?"

அவனுக்கு நூல் கோக்கத் தெரியவில்லை. நான்கு முறை முயன்றான். நான் உதவவில்லை.

பிரதிகள் ஒவ்வொன்றாகக் குவிந்தன. முதல் பிரதியைச் சரி என்று அண்ணி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் மற்றவற்றை உறையில் போடலாம். அண்ணியோ பத்து நிமிடமாக ஐந்தாம் பக்கத்தை விட்டு நகரவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"அண்ணி, பிழைதானே பார்க்கறீங்க?"

"ம்."

"அஞ்சாம் பக்கத்துல என்ன பிழை?"

"பிழை இல்ல."

"பின்ன?"

"இரு" என்றார் அண்ணி. இடது கை விரல்கள் கணக்கின் முதல் வரியில், வலது கை விரல்கள் கடைசி வரியில். "ரெண்டு பக்கமும் ஏழைக் கூட்டினா… மூணால வகுத்தா…"

மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "அம்மா, நீங்க தாளைச் சரிபார்த்தா போதும். பரீட்சை எழுத வேண்டாம்."

"உங்களுக்கு மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கு சார்" என்றார் அண்ணி தலை நிமிராமல். "எனக்கு இன்னும் ஒரு வரிதான் பாக்கி."

அண்ணன் ஊசியைக் கீழே வைத்துவிட்டான். மரங்கொத்தி மட்டும் கொத்திக்கொண்டே இருந்தது. நாங்கள் மூன்று பேரும், விதிகளை விதிகளாகவே பார்க்கும் அந்த மனிதர் உட்பட, சத்தம் போடாமல் காத்திருந்தோம்.

"பன்னிரண்டு" என்று சொல்லிவிட்டு அண்ணி பக்கத்தைத் திருப்பினார்.